கணினியைப் படித்த இரும்புத் தொழிலாளர்கள்

கருவியும் கரமும் – பகுதி 9

சென்ற பகுதியில் நியூயார்க் அச்சுக்கோப்பாளர்களின் கதையைப் பார்த்தோம். 1974இல் அவர்களுடைய சங்கம் நகரின் பெரிய நாளிதழ்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் ஒரு பண்டமாற்று. பணியில் இருந்தவர்களுக்கு ஓய்வுபெறும் வரை வேலை உறுதி. அதற்கு ஈடாக, புதிய இயந்திரங்களைக் கொண்டுவருவதில் நிர்வாகத்துக்கு முழுச் சுதந்திரம். குடும்பம் நடத்தும் ஒருவருக்கு இது சின்ன வெற்றியல்ல. ஆனால் அந்தக் கையெழுத்தோடு, தங்கள் தொழில் நாளை எப்படி இருக்க வேண்டும் என்று பேசும் உரிமை அவர்களிடமிருந்து போய்விட்டது.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் வடக்கே, நார்வேயில், இன்னொரு சங்கம் இதே சிக்கலை வேறு பக்கத்திலிருந்து அணுகியது. கணினி வந்தால் எத்தனை வேலை போகும், எவ்வளவு நட்ட ஈடு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால், ‘இந்தக் கணினி என்ன செய்கிறது? யாருடைய கணக்கை அது போடுகிறது? அதை நாமே படித்துப் புரிந்துகொள்ள முடியாதா?’ என்று அது கேட்டது. கேட்டவர்கள் கடைசல் இயந்திரத்திலும் பற்றவைப்புக் கூடத்திலும் வேலை செய்த இரும்பு, உலோகத் தொழிலாளர்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் உலகின் தலைசிறந்த கணினி அறிஞர்களில் ஒருவர். தொழிலாளர் இயக்க வரலாற்றிலும் கணினி வரலாற்றிலும் ஒரே நேரத்தில் இடம்பெற வேண்டிய இந்தக் கதை இரண்டிலுமே குறைவாகத்தான் சொல்லப்படுகிறது.

சிமுலாவைப் படைத்தவர்

கிரிஸ்டன் நைகார்ட் 1926இல் ஆஸ்லோவில் பிறந்தவர், கணிதம் படித்தவர். 1948இல் நார்வேயின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகளில் பங்கெடுத்தார். பின்னர், சிக்கலான செயல்முறைகளைக் கணித வழியில் ஆராய்ந்து முடிவெடுக்க உதவும் ‘செயல்பாட்டு ஆய்வு’ என்ற துறையில் நாட்டின் முன்னோடியானார். 1960இல் ஆஸ்லோவிலுள்ள நார்வே கணினி மையத்துக்கு மாறினார்.

அங்கே ஓலே யோஹான் டால் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய நிரல்மொழிதான் சிமுலா. அஞ்சலகத்தில் வரிசையில் நிற்கும் மக்கள், துறைமுகத்தில் காத்திருக்கும் கப்பல்கள், ஆலையில் ஒரு இயந்திரத்திலிருந்து அடுத்த இயந்திரத்துக்குப் போகும் உதிரிப்பாகங்கள் என்று நடப்புலக அமைப்புகளைக் கணினிக்குள் உருவகப்படுத்திப் பார்ப்பதற்கான மொழி அது. அதன் இரண்டாம் வடிவமான சிமுலா 67தான் இன்றைய ‘பொருள்நோக்கு நிரலாக்கத்தின்’ தாய். சி பிளஸ் பிளஸ், ஜாவா முதலிய மொழிகள் அந்த வழியில் வந்தவை. 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது நைகார்டுக்கும் டாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. மறு ஆண்டே இருவரும் சில வார இடைவெளியில் காலமானார்கள்.

விருதுக் குறிப்புகள் பெரும்பாலும் இந்த அளவோடு நின்றுவிடும். நம் தொடருக்கான செய்தி இதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது.

1960களின் பிற்பகுதியில் தன் கண்டுபிடிப்பு எங்கே போகிறது என்று நைகார்ட் பின்தொடர்ந்து பார்த்தார். ஆலைகளின் உற்பத்தி ஓட்டத்தை அலசும் வேலைக்கு சிமுலா பயன்பட்டது. எந்த இயந்திரம் எத்தனை நிமிடம் சும்மா நிற்கிறது, எங்கே பாகங்கள் தேங்குகின்றன, எந்த வரிசையில் வேலையைக் கொடுத்தால் நேரம் மிச்சமாகும் என்ற விடைகளைக் கணினி தந்தது. அந்த விடைகள் மேலாளரின் மேசைக்குப் போய், அங்கிருந்து பட்டறைத் தளத்துக்கு உத்தரவுகளாக இறங்கின. வேலையின் வேகம், அதன் உள்ளடக்கம், பக்கத்து ஆளோடு பேசி ஒத்துழைக்கும் வாய்ப்பு எல்லாம் அந்த அலசலால் மாறின. பெரும்பாலும் தொழிலாளிக்குப் பாதகமாகவே மாறின. தான் யாரோடு நிற்க விரும்புகிறாரோ அவர்களுக்கு எதிராகவே தன் கருவி திரும்புவதை நைகார்ட் உணர்ந்தார்.

கருவியைப் படைத்தவர்கள் இந்த இடத்தில் வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ‘கருவி நடுநிலையானது, பயன்படுத்துகிறவர்தான் பொறுப்பு’ என்று கைகழுவுவார்கள். இல்லாவிட்டால் துறையை விட்டே விலகுவார்கள். நைகார்ட் மூன்றாவது வழியில் போனார். மேலாளருக்குக் கிடைக்கும் அதே அறிவு தொழிலாளிக்கும் கிடைக்க வேண்டும் என்று முடிவெடுத்து, 1967 முதல் தொழிற்சங்கங்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, கணினி பற்றி அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார்.

பட்டறைத் தளத்தில் என்ன நடந்தது

அந்தக் காலத்துக் கணினி இன்று நம் சட்டைப் பையில் இருப்பதைப் போன்றதல்ல. ஆலையின் ஒரு தனி அறையில், குளிரூட்டப்பட்ட சூழலில், துளை அட்டைகளை விழுங்கிக்கொண்டு இருந்தது. பெரும்பாலான தொழிலாளர்கள் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. அதன் விளைவை மட்டும் அன்றாடம் கண்டார்கள்.

அதற்கு முன்பு, தேர்ந்த கடைசல்காரர் ஒருவரின் கைக்கு வரைபடம் வரும். எந்தப் பாகத்தை முதலில் எடுப்பது, எந்தக் கத்தியைப் பொருத்துவது, இயந்திரத்தை எந்த அமைப்பில் வைத்தால் அடுத்த இரண்டு வேலைகளையும் சேர்த்து முடிக்கலாம் என்பதெல்லாம் அவரும் மேற்பார்வையாளரும் பேசித் தீர்மானிப்பவை. கணினித் திட்டமிடல் வந்த பிறகு ஒரு தாள் வந்தது. இந்த வேலை, இந்த எண், இத்தனை மணிக்குத் தொடங்கு, இத்தனை நிமிடத்தில் முடி. அந்த நிமிடங்கள் எங்கிருந்து வந்தன, யார் அளந்தது, ஏன் இந்த வரிசை என்ற விவரம் தாளில் இல்லை. ‘கணினி சொல்கிறது’ என்பதே விளக்கமாகிவிட்டது.

நார்வேயில் தொழிலாளர் உரிமைகளுக்கு உறுதியான அடித்தளம் ஏற்கெனவே இருந்தது. தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் 1935இல் செய்துகொண்ட அடிப்படை ஒப்பந்தம் அதில் முக்கியமானது. 1960களில் இந்த இரு தரப்பும் இணைந்து ‘தொழிற்துறை ஜனநாயகம்’ என்ற பரிசோதனைகளையும் நடத்தின. ஐனார் தோர்ஸ்ருட் என்ற ஆய்வாளரின் வழிகாட்டலில் சில ஆலைகளில் தன்னாட்சிக் குழுக்கள் அமைந்தன. நல்ல முயற்சிதான். ஆனால் நிர்வாகமும் தொழிலாளியும் ஒரே குறிக்கோளுக்காக உழைப்பவர்கள் என்ற எண்ணத்தின் மேல் அது எழுந்திருந்தது. இரு தரப்புக்கும் பொதுவான நலன்களும் உண்டு, மோதும் நலன்களும் உண்டு, மோதும் இடத்தில் சங்கத்துக்குத் தனக்கென்று சொந்த அறிவு வேண்டும் என்று நைகார்டும் அவரோடு நின்ற சங்கத்தாரும் நினைத்தார்கள்.

1970 மாநாடு

நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தின் 1970ஆம் ஆண்டு மாநாட்டில் கணினி விவாதப்பொருளானது. கூலி, வேலை நேரம், பாதுகாப்பு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் கணினி வழித் திட்டமிடலையும் கட்டுப்பாட்டையும் ஒரு தொழிற்சங்கம் வைத்தது அந்நாளில் புதுமை. தானே ஆய்வு நடத்துவது என்று சங்கம் முடிவெடுத்து, நார்வே கணினி மையத்தை நாடியது. அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சி மன்றம் நிதி தந்தது.

இந்த நிதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொதுப்பணத்தில் நடக்கும் தொழில் ஆராய்ச்சி அதுவரை நிறுவனங்களுக்கு உதவவே இருந்தது. அதை யாரும் ‘ஒரு தரப்புக்கான ஆராய்ச்சி’ என்று அழைக்கவில்லை. தொழிலாளர் சங்கம் கேட்டதும்தான் நடுநிலை பற்றிய கேள்விகள் எழுந்தன. நைகார்டும் அவருடைய இளம் கூட்டாளி ஓலாவ் டெரியே பெர்கோவும் 1975இல் வெளியிட்ட ஒரு கட்டுரைக்கு ‘தொழிற்சங்கங்கள்: ஆய்வின் புதிய பயனாளர்கள்’ என்று தலைப்பிட்டார்கள். ஆராய்ச்சி மக்கள் பணத்தில் நடக்கிறதென்றால் மக்களில் பெரும்பான்மையான உழைப்பவர்களும் அதைக் கேட்டு வாங்கலாம் என்ற எளிய நியாயம் அந்தத் தலைப்பிலேயே இருந்தது.

தடம் மாறிய திட்டம்

1971இல் வேலை தொடங்கியது. முதல் திட்டம் எந்த ஆய்வாளரும் போடக்கூடியது. ஆலைகளில் உள்ள கணினி முறைகளை ஆராய்வது, சங்கத்தின் நோக்கங்களோடு அவற்றை ஒப்பிடுவது, கோரிக்கைகளை வகுப்பது, இறுதியில் அறிக்கை தருவது. நிபுணர்கள் எழுதுவார்கள், தலைமை ஏற்றுக்கொள்ளும், உறுப்பினர்கள் பின்பற்றுவார்கள்.

சில மாதங்களிலேயே இது பயன் தராது என்று தெரிந்தது. அறிக்கைகள் தடித்தன, பட்டறையில் எதுவும் நகரவில்லை. நிர்வாகத்துக்கு அறிக்கை போதும், ஏனென்றால் அதைச் செயல்படுத்த ஆளும் அதிகாரமும் அதனிடம் உண்டு. சங்கத்தின் பலமோ அதன் உறுப்பினர்கள் எதைப் புரிந்துகொண்டு எதற்காக எழுந்து நிற்கிறார்கள் என்பதில் இருக்கிறது. அவர்களுக்குப் புரியாத அறிக்கை, எத்தனை சரியானதாக இருந்தாலும், பேச்சுவார்த்தை மேசையில் வெறும் காகிதம்.

அங்கேதான் திட்டம் அடியோடு திருத்தப்பட்டது. எது இந்த ஆய்வின் ‘விளைவு’ என்பதையே அவர்கள் மாற்றி எழுதிக்கொண்டார்கள். சங்கமோ அதன் உள்ளூர்க் கிளைகளோ, கணினி விஷயத்தில் தங்கள் செல்வாக்கைக் கூட்டிக்கொள்ளும் வகையில் எடுக்கும் நடவடிக்கைதான் விளைவு. ஆய்வாளர் எழுதும் பக்கங்கள் அதற்கு உதவினால் மட்டும் மதிப்பு. ஆராய்ச்சி முறையின் வரலாற்றில் இது ஒரு துணிச்சலான வரையறை. பல்கலைக்கழகங்களில் எத்தனையோ ஆய்வேடுகள் அலமாரியில் உறங்குவதை அறிந்த எவருக்கும் இதன் எடை புரியும்.

இதன்படி, தேர்ந்தெடுத்த சில ஆலைகளின் உள்ளூர்ச் சங்கங்களில் படிப்புக் குழுக்கள் அமைந்தன. தங்கள் ஆலையின் சிக்கலில் இருந்தே அவை தொடங்கின. உற்பத்தித் திட்டம் எப்படிப் போடப்படுகிறது? எந்தத் தகவல் கணினிக்குள் போகிறது, எது வெளியே வருகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள்? நம்மைப் பற்றி என்ன பதிவாகிறது? நம் வேலையை நாமே திட்டமிட வேண்டுமென்றால் எந்தத் தகவல் தேவை? தொழிலாளர்களே விசாரித்து, விவாதித்து, எழுதினார்கள். ஆய்வாளர்கள் பாடம் சொன்னார்கள், ஆவணங்களை விளக்கினார்கள், அழைத்த நேரத்துக்கு வந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து தொழிலாளர்களுக்கான கணினிப் பாடநூல்களை நைகார்டும் பெர்கோவும் எழுதினார்கள். திட்டமிடல், கட்டுப்பாடு, தரவுச் செயலாக்கம் ஆகியவற்றை, பள்ளிப் படிப்போடு நின்றவரும் படிக்கும்படி அந்த நூல்கள் விளக்கின. நார்வே சங்கங்களின் வகுப்புகளில் அவை பரவலாகப் பயன்பட்டன.

1973இல் திட்டம் முடிந்தது. சிமுலாவைப் படைத்தவர் தொழிலாளர்களுக்காக ஒரு நிரல்கூட எழுதித் தரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர்களை அவரும் கூட்டாளிகளும் உருவாக்கினார்கள். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிக அருமையாகத் தோன்றும் முடிவு இதுதான். அந்த நேரத்தில் சங்கத்துக்கென ஒரு மென்பொருள் செய்திருந்தால், அடுத்த இயந்திரம் வந்ததும் அது பழசாகியிருக்கும். கேள்வி கேட்கும் பழக்கம் அடுத்த இயந்திரத்துக்கும் உதவியது.

தரவுப் பிரதிநிதி

அறிவு வந்தவுடன் அதற்கேற்ற உரிமையைக் கேட்டார்கள். முதலில் சில ஆலைகளில் உள்ளூர் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. 1975இல் தேசியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் நாடு முழுவதற்குமான ஒரு கணினி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகில் இவ்வகையில் முன்னோடியான ஒப்பந்தம் அது. அதன் முக்கிய விதிகளை எளிமையாகச் சொல்லலாம்.

கணினி முறைகளைத் தொழில்நுட்பம், பொருளாதாரம் ஆகிய அளவுகோல்களோடு சமூக அளவுகோலாலும் எடைபோட வேண்டும். தொழிலாளரின் வேலையையும் வேலைச் சூழலையும் பாதிக்கும் முறைகளைப் பற்றி, முடிவெடுப்பதற்கு முன்பே தொழிலாளர் பிரதிநிதிகளுக்குச் சொல்ல வேண்டும். சொல்லும்போது, துறையறிவு இல்லாதவருக்கும் புரியும் தெளிவான மொழியில் சொல்ல வேண்டும். இந்த விஷயங்களைக் கவனிக்கவென்றே தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு தனிப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவருக்கு ஆவணங்களைப் பார்க்கும் உரிமையும் பயிற்சியும் உண்டு. பணியாளரைப் பற்றிய தனிப்பட்ட தகவல்களைச் சேர்ப்பதற்கும் வைத்திருப்பதற்கும் பயன்படுத்துவதற்கும் விதிமுறைகள் வேண்டும்.

அந்தத் தனிப் பிரதிநிதிதான் ‘தரவுப் பிரதிநிதி’. நேற்றுவரை கடைசல் இயந்திரத்தில் நின்றவர் இன்று கணினி நிறுவனத்தின் விற்பனையாளரும் நிர்வாகப் பொறியாளரும் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்து, ‘இந்தக் கட்டம் எதைக் குறிக்கிறது? ஒரு தொழிலாளி எத்தனை முறை இருக்கையை விட்டு எழுந்தார் என்பதை இது பதிவுசெய்யுமா?’ என்று கேட்க முடிந்தது. தெளிவான மொழியில் சொல்ல வேண்டும் என்ற விதிக்குத் தனி வலிமை இருந்தது. ‘உங்களுக்குப் புரியாது’ என்ற பதில் இனி ஒப்பந்த மீறல்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977இல், நார்வே நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிச்சூழல் சட்டம் இதை இன்னும் மேலே கொண்டுபோனது. சங்கத்துக்கும் முதலாளிக்கும் இடையிலான உடன்பாடாக இருந்தது நாட்டின் சட்டமானது. வேலையைத் திட்டமிடவும் நடத்தவும் பயன்படும் முறைகளைப் பற்றியும் அவற்றில் வரவிருக்கும் மாற்றங்களைப் பற்றியும் தொழிலாளருக்கும் அவர்களுடைய பிரதிநிதிகளுக்கும் தெரிவிக்க வேண்டும். அவற்றைக் கற்கத் தேவையான பயிற்சி தர வேண்டும். அவற்றை வடிவமைப்பதில் அவர்கள் பங்கேற்க வேண்டும் என்று அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. அண்டை நாடான ஸ்வீடனில் 1976இல் நிறைவேறிய கூட்டு முடிவெடுப்புச் சட்டம் 1977 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முக்கிய மாற்றங்களைச் செய்வதற்கு முன் சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டியது முதலாளியின் கடமையானது.

இவ்வளவும் இயல்பாகக் கனிந்துவிடவில்லை. வலுவான சங்கங்கள், ஒற்றைக் கூட்டமைப்பு, ஆட்சியில் தொழிலாளர் சார்புக் கட்சி, வேலையின்மை குறைந்த காலம் என்று பல அனுகூலங்கள் சேர்ந்திருந்தன. ஆனாலும் அனுகூலங்கள் தாமாகச் சட்டம் எழுதுவதில்லை. படிப்புக் குழுக்களில் உட்கார்ந்து கணினி முறைகளைப் படித்தவர்கள் இல்லாவிட்டால், 1975 ஒப்பந்தத்தில் எதைக் கேட்பது என்றே சங்கத்துக்குத் தெரிந்திருக்காது.

ஓரெப்ரூ பணிமனை

நார்வேயின் வழி அண்டை நாடுகளுக்குப் பரவியது. நைகார்ட் 1970களின் நடுவில் டென்மார்க்கின் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்திலும் பாடம் நடத்தினார்; அங்கே ஓர் இளம் ஆய்வாளர் தலைமுறை அவரால் ஈர்க்கப்பட்டது. ஸ்வீடனில் 1975 முதல் 1979 வரை ‘டெமோஸ்’ என்ற திட்டம் நடந்தது. பெல்லே ஏஹ்ன், ஓகே சாண்ட்பெர்க் முதலியோர் அதில் இருந்தார்கள். டென்மார்க்கில் மோர்டன் கியூங்கும் லார்ஸ் மதியாசனும் ஈடுபட்ட ‘டியூஇ’ திட்டம் 1977இல் தொடங்கியது.

டெமோஸ் திட்டம் வேரூன்றிய இடங்களில் ஒன்று ஓரெப்ரூ நகரிலிருந்த அரசு ரயில்வேயின் எஞ்சின் பழுதுபார்க்கும் பணிமனை. வேலையைச் சிறு சிறு துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் நேரம் குறித்து, கணினி வழியே திட்டமிடும் ஒரு முறையை அங்கே கொண்டுவர நிர்வாகம் முனைந்தது. பழுதுபார்ப்பு வேலையின் இயல்பு அதற்கு எதிரானது. திறந்து பார்க்கும்வரை எஞ்சினுக்கு என்ன நோய் என்று தெரியாது. எந்தச் சத்தம் எதைக் காட்டுகிறது என்பது பல ஆண்டு அனுபவத்தில் காதில் ஏறிய அறிவு. அந்த அறிவுக்கு இடமில்லாத திட்டத்தில் தொழிலாளி வெறும் கைகளாகிவிடுவார்.

உள்ளூர்ச் சங்கம் தன் சொந்த விசாரணைக் குழுவை அமைத்தது. ஆய்வாளர்கள் துணையோடு அந்த முறையை அலசியது. திட்டமிடலில் தொழிலாளிக்கு என்ன இடம் வேண்டும் என்று தானே வகுத்தது. அந்த நிலையிலிருந்து நிர்வாகத்தோடு பேசியது. ஆனால் பணிமனையிலும், இதே திட்டம் நடந்த மற்ற இடங்களிலும் ஒரு சுவர் எதிர்ப்பட்டது. முறை வெளியிலிருந்து முழுமையாகத் தயாரித்து வருகிறது. சங்கம் எவ்வளவு படித்தாலும், கடைசியில் ‘வேண்டும்’ அல்லது ‘வேண்டாம்’ என்றுதான் சொல்ல முடிகிறது. ‘வேண்டாம்’ என்று எத்தனை நாள் சொல்வது? நமக்கு வேண்டிய மாதிரி ஒன்றைச் செய்து காட்ட முடியுமா? இந்தக் கேள்வி அடுத்த கட்டத்தைத் தொடங்கி வைத்தது.

ஒட்டுப்பலகையில் ஒரு கணினி

1981இல் தொடங்கிய அந்தக் கட்டத்துக்கு ‘யுடோபியா’ என்று பெயர். நார்டிக் நாடுகளின் அச்சுத் தொழிலாளர் சங்கங்களின் கூட்டமைப்பு, ஸ்டாக்ஹோமிலுள்ள பணிவாழ்வு மையம், ராயல் தொழில்நுட்பக் கழகம், ஓர்ஹுஸ் பல்கலைக்கழகம் ஆகியவை சேர்ந்தன. ஏஹ்ன், கியூங், சுசான் போட்கர், இங்வே சுண்ட்பிளாட் முதலிய ஆய்வாளர்களோடு அச்சுத் தொழிலாளர்களும் வடிவமைப்பாளர்களாகவே உட்கார்ந்தார்கள்.

எடுத்துக்கொண்ட வேலை நாளிதழ்ப் பக்க அமைப்பு. ஈய எழுத்து போய் ஒளியச்சுக்கோப்பு வந்திருந்த காலம். பக்கம் அமைப்பவர் சாய்வு மேசையில் நின்று, அச்சாகி வந்த பத்திகளை வெட்டி, மெழுகு தடவி, தாளில் ஒட்டுவார். இனிமேல் அதையும் திரையில் செய்யலாம் என்று கணினி விற்பவர்கள் வந்தார்கள். அவர்கள் காட்டியவற்றில் பல, பக்கத்தைக் கட்டளைகளாலும் எண்களாலும் விவரிக்கச் சொல்பவை. கண்ணும் கையும் சேர்ந்து செய்யும் தொழில் அது. ஒரு படத்தை ஒரு விரல்கடை நகர்த்தினால் பக்கம் முழுதும் எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய தொழில்.

யுடோபியா குழு முதலில் வழக்கமான வழியில் போனது. தொழிலாளர்களின் வேலையை விவரிக்கும் வரைபடங்களையும் குறிப்புகளையும் ஆய்வாளர்கள் தயாரித்தார்கள். தொழிலாளர்களுக்கு அவை எதையும் சொல்லவில்லை. பிறகு வழியை மாற்றினார்கள். ஒட்டுப்பலகை, அட்டை, காகிதம் ஆகியவற்றால் வருங்காலப் பணிமேசை ஒன்றைச் செய்தார்கள். திரையாகக் காகிதம், அதன் மேல் ஒளிப்படத் தகட்டுக் கருவியால் பாய்ச்சிய படங்கள், சுட்டியாக ஒரு சிறு கட்டை. ஓர் அட்டைப் பெட்டியின் மேல் ‘மேசை லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதி ஒட்டினார்கள். சந்தையில் அப்படியொரு பொருள் அப்போது எளிதில் கிடைக்காது. அச்சுத் தொழிலாளி அந்த மேசையின் முன் உட்கார்ந்து உண்மையான ஒரு பக்கத்தை அமைக்கத் தொடங்கினார். ‘இந்த இடத்தில் படத்தை வெட்ட வேண்டும்.’ ‘அப்படியென்றால் என்ன நடக்க வேண்டும்?’ ‘முழுப் பக்கமும் தெரிய வேண்டும், இந்த மூலை மட்டும் பெரிதாகவும் தெரிய வேண்டும்.’ இப்படிப் பேசப்பேச, யாராலும் சொல்லால் விளக்க முடியாத கைத்திறன் கருவியின் வடிவத்துக்குள் வந்தது.

மலிவான பொருள்களால் செய்ததில் பெரிய நன்மை இருந்தது. பிடிக்காததைப் பிய்த்து எறியலாம். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம், நிரல் எழுதத் தெரிந்திருக்கவும் வேண்டாம். நிபுணரும் தொழிலாளியும் ஒரே உயரத்தில் நின்று பேசக்கூடிய மேசை அது. இன்று உலகம் முழுவதும் மென்பொருள் வடிவமைப்பாளர்கள் காகித மாதிரி செய்து பயனாளரிடம் காட்டிச் சோதிப்பதில் இந்த முயற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. ‘பங்கேற்பு வடிவமைப்பு’ என்ற துறையே இந்த நார்டிக் திட்டங்களிலிருந்து வளர்ந்தது. ஆனால் பெரும்பாலான பாடநூல்களில் மாதிரி செய்யும் உத்தி மட்டும் நிற்கிறது. அதைச் செய்யவைத்த சங்கம் காணாமல் போய்விடுகிறது.

யுடோபியாவின் எண்ணங்கள், ‘டிப்ஸ்’ என்ற பெயரில் ஓர் அச்சுக் கணினி அமைப்பை உருவாக்கிக்கொண்டிருந்த லீபர் என்ற ஸ்வீடன் நிறுவனத்தோடு பகிரப்பட்டன. ஸ்டாக்ஹோமின் ‘ஆஃப்டன்பிளாடெட்’ நாளிதழில் அது சோதிக்கப்பட்டது.

எங்கே தடுக்கியது

வரலாற்றுத் தொடர் வாழ்த்துப் பாவாகிவிடக் கூடாது. டிப்ஸ் சந்தையில் நிலைக்கவில்லை. பெரும் பன்னாட்டு நிறுவனங்களின் வேகத்துக்கும் முதலீட்டுக்கும் முன்னால் ஒரு சிறிய நாட்டின் தொழிலாளர் சார்பு முயற்சி தாக்குப்பிடிக்க முடியவில்லை. இன்னொரு குறை உள்ளேயே இருந்தது. திரையில் பக்கம் அமையும்போது அச்சுத் தொழிலாளியின் வேலையும் இதழாளரின் வேலையும் ஒன்றையொன்று தொடத் தொடங்கின. இதழாளர்களின் சங்கம் இந்தத் திட்டத்தில் பங்காளியாக இல்லை. யாருடைய கையில் பக்கம் என்ற பிரச்சினையை வடிவமைப்பால் மட்டும் தீர்க்க முடியவில்லை.

தரவுப் பிரதிநிதி முறையிலும் இடர்ப்பாடு இருந்தது. நிர்வாகத்தின் கூட்டங்களிலேயே நாளைக் கழிக்கும் பிரதிநிதி, மெல்ல மெல்ல நிபுணராகி, தன்னைத் தேர்ந்தெடுத்தவர்களிடமிருந்து விலகிப்போகும் ஆபத்து உண்டு. உரிமை தாளில் இருந்தாலும், முடிவெடுத்த பிறகு ‘தகவல்’ சொல்லும் நிர்வாகத்தைத் தடுக்க, ஒவ்வொரு ஆலையிலும் விழிப்பான உறுப்பினர்கள் தேவைப்பட்டார்கள். 1971இல் கண்ட பாடம் ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்க வேண்டியதாகவே இருந்தது.

இத்தனைக்குப் பிறகும், நார்வே இரும்புத் தொழிலாளர்கள் உழைக்கும் உலகத்துக்கு விட்டுச்சென்ற கருத்து இன்றைக்கும் கூர்மையாக இருக்கிறது. இப்போது கிடங்குத் தொழிலாளியின் நடையை ஒரு கையடக்கக் கருவி அளக்கிறது. உணவு கொண்டுசெல்பவருக்கு அடுத்த வேலை வருமா வராதா என்பதை ஒரு செயலி தீர்மானிக்கிறது. அழைப்பு மையத்தில் பேசுபவரின் குரலை மென்பொருள் மதிப்பிடுகிறது. ‘கணினி சொல்கிறது’ என்ற பழைய விளக்கம் ‘அல்காரிதம் சொல்கிறது’ என்ற புதிய சொல்லில் திரும்பி வந்திருக்கிறது. இதை எதிர்கொள்ளும் சங்கம் கூலியையும் நட்ட ஈட்டையும் மட்டும் பேசினால், நியூயார்க் சங்கம் நின்ற இடத்திலேயே நிற்கும். அந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை, முடிவுக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் உரிமை, புரியும் மொழியில் தெரிந்துகொள்ளும் உரிமை, அதை மாற்றச் சொல்லும் உரிமை ஆகியவை கூலிப் பேரத்துக்கு அடுத்த வரிசையில் வைக்க வேண்டியவை அல்ல. அதே வரிசையில் வைக்க வேண்டியவை. 1975இல் ஒரு சிறிய நாட்டில் இவை கையெழுத்தாயின என்பதால், முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தக் கையெழுத்துக்கு முன்னால் படிப்பு வகுப்புகள் நடந்தன என்பதையும் மறக்கக் கூடாது. உரிமையைக் கேட்கும் சங்கம், படிக்கும் சங்கமாகவும் இருக்க வேண்டும்.

யுடோபியா திட்டம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. 1986 ஜனவரியில் லண்டனின் கிழக்கே வாப்பிங் என்ற இடத்தில், முள்வேலியால் சூழப்பட்ட ஒரு புதிய அச்சகம் திறந்தது. ஏறத்தாழ ஐயாயிரத்து ஐநூறு அச்சுத் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள். கணினி வருவதை முன்கூட்டியே பேசித் தீர்க்கும் பாதை அடைபட்டால் என்ன நேரும் என்பதை ஒரு நாடு முழுவதும் ஓராண்டு காலம் பார்த்தது. அந்தக் கதை அடுத்த பகுதியில்.

(தொடரும்)